மாத்திரை அட்டையை வெட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மருந்துக் கடைகளில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

நான் ஒரு பல் அறுவை மருத்துவர். ஞானப்பல் எடுப்பதுதான் என் அன்றாட வேலை. தாடை எலும்புக்குள் சாய்ந்து புதைந்து கிடக்கும் பல்லை, ஈறைக் கீறி, எலும்பைச் சற்றுக் குடைந்து, இரண்டு மூன்று துண்டாக்கி வெளியே எடுத்துத் தையல் போட்டு அனுப்புகிறோம். அந்த நேரத்தில் நோயாளிக்கு வலி தெரியாது. லிடோகெய்ன் ஊசி பார்த்துக்கொள்ளும். வலி ஆரம்பிப்பது அவர் எங்கள் படியிறங்கிப் போன பிறகு. அப்போது அவர் வாயில் பஞ்சைக் கடித்தபடி, பேச முடியாமல், எங்கள் சீட்டை உங்கள் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பார். அடுத்த மூன்று நாள் அவர் எப்படித் தூங்குவார், எப்படிச் சாப்பிடுவார் என்பது உங்கள் கவுண்டரில் நடக்கும் இரண்டு நிமிடப் பேச்சில் பெருமளவு முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

சொல்ல வந்தது இதுதான். பல் அறுவைக்குப் பிறகு வரும் வலிக்கு, ஐபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்ந்தது போல நன்றாகக் கேட்கும் வாய்வழி மருந்து மிகக் குறைவு. இரண்டும் மலிவு, இரண்டும் உங்கள் அலமாரியில் எப்போதும் இருப்பவை. ஆனால் அந்த ஜோடி பலன் தருவதும் கெடுதல் செய்வதும், சரியான இடைவெளியில் போடுவதையும், அதே மருந்து வேறு பெயரில் இன்னொரு முறை உள்ளே போகாமல் பார்ப்பதையும் பொறுத்தது.

இந்த ஜோடியைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் ஞானப்பல்லேதான். உலகில் வலி மாத்திரைகளைச் சோதித்துப் பார்க்க மிக அதிகமாகப் பயன்பட்ட அறுவைகளில் ஒன்று ஞானப்பல் எடுப்பது. நோயாளிகள் பெரும்பாலும் இளம் வயதினர், வேறு நோய் இல்லாதவர்கள். காயம் ஏறக்குறைய ஒரே மாதிரி. மரப்பு விட்டதும் வலி நிச்சயம் வரும். மருந்தின் வேலையை அளக்க இதைவிடத் தோதான நிலைமை கிடைக்காது. 2013இல் காக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்புக் குழுவினர் இப்படிப்பட்ட சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஆறு மணி நேரத்தில் வலி பாதிக்கு மேல் குறைந்தவர்கள் எத்தனை பேர் என்பது கேள்வி. வெற்று மாத்திரை போட்டவர்களில் 100க்கு 7 பேர். ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராம் மட்டும் போட்டவர்களில் 52 பேர். ஐபுபுரூஃபன் 200உம் பாராசிட்டமால் 500உம் சேர்த்துப் போட்டவர்களில் 69 பேர். இரண்டின் அளவையும் இரட்டிப்பாக்கினால் 73 பேர். கடைசி இரண்டு எண்களையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அளவை இரண்டு மடங்காக்கியும் கூடியது நாலு பேர்தான். பலன் பெரும்பாலும் சேர்க்கையில் இருந்தே வருகிறது. "டபுள் டோஸா குடுங்க" என்று கேட்பவருக்குச் சொல்ல இதைவிட நல்ல பதில் இல்லை.

அமெரிக்காவில் இந்த ஜோடியை ஓப்பியாய்டு மாத்திரையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். அங்கே ஞானப்பல் எடுத்தால் ஹைட்ரோகோடோன் என்ற ஓப்பியாய்டை எழுதுவது நெடுநாள் வழக்கம். இளம் வயதினர் பலருக்கு ஓப்பியாய்டு முதன்முதலாக அறிமுகமானதே அந்தச் சீட்டால்தான். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பள்ளி முன்னின்று, ஐந்து இடங்களில் 1,800க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2025 தொடக்கத்தில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில் வந்தது. ஐபுபுரூஃபன் 400, பாராசிட்டமால் 500 சேர்த்துப் போட்டவர்களுக்கு முதல் இரண்டு நாள் வலியும் குறைவு, தூக்கமும் மேல். அந்தச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் முதலில் எடுக்க வேண்டியது இந்த வகை மருந்துகளைத்தான் என்கிறது. ஆகவே "சாதா மாத்திரைதானே எழுதியிருக்காரு, இதுல எங்க வலி கேக்கும், இன்னும் ஸ்ட்ராங்கா இருந்தா குடுங்க" என்று யாராவது கேட்டால், தயவுசெய்து டிரமடால் என்ற ஓப்பியாய்டு பக்கம் கையை நீட்டாதீர்கள். அது எச்1 பட்டியலில் இருக்கிறது, 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் வருகிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தச் சட்டங்கள் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் கேட்பேன்.

ஐபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன? கீறிய இடத்தில் திசுக்கள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கின்றன. வீக்கம் வருவதும், சாதாரணத் தொடுகையே நரம்புக்கு வலியாகப் படுவதும் அதனால்தான். ஆஸ்பிரின் வகை மருந்துகள் அந்தச் சுரப்பைத் தடுக்கின்றன என்று 1971இல் காட்டியவர் ஜான் வேன். 1982இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்து தரப்பட்டது. ஐபுபுரூஃபன் காயத்தின் இடத்திலேயே இந்த வேலையைச் செய்கிறது. பாராசிட்டமால் பெரும்பாலும் மூளை, தண்டுவடப் பக்கம் நின்று வலியைக் குறைக்கிறது. வீக்கத்தை அது அதிகம் தொடுவதில்லை. அதே போல, அளவு மீறினால் முன்னது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் படுத்தும், பின்னது ஈரலைப் படுத்தும். பாதையும் வேறு, பாரமும் வேறு என்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க முடிகிறது. ஐபுபுரூஃபனோடு அசெக்ளோஃபெனாக்கோ டைக்ளோஃபெனாக்கோ கீட்டோரோலாக்கோ சேர்த்தால் அப்படி இல்லை. ஒரே பாதை, ஒரே பாரம். வலி கூடுதலாகக் குறைவதில்லை. வயிற்றில் புண்ணும் ரத்தக் கசிவும் வரும் வாய்ப்புதான் கூடுகிறது.

இனி நேரத்தைப் பற்றி. இதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் ஒரு வாக்கியம் இங்கே நோயாளிகளுக்குப் பெரிய தொல்லையாகிவிடுகிறது. "வலி இருந்தா மட்டும் போடுங்க, சும்மா போடாதீங்க" என்று நீங்கள் அக்கறையாகச் சொல்கிறீர்கள். மூட்டு வலிக்கோ தலைவலிக்கோ அது சரியான அறிவுரை. அறுவை நடந்த முதல் இரண்டு நாளுக்குச் சரிவராது. கீழ்த்தாடைக்குப் போட்ட ஊசியின் மரப்பு உதட்டில் மூன்று முதல் ஐந்து மணி நேரம் வரை இருக்கும். அது விட்ட பிறகு வலி சட்டென்று ஏறும்; முதல் நாளின் மிகக் கடுமையான கட்டம் அதுதான். மாத்திரை வயிற்றில் கரைந்து வேலையைத் தொடங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். வலி வரட்டும் என்று காத்திருப்பவர் அந்த ஒரு மணி நேரத்தையும் பல்லைக் கடிக்கக்கூட முடியாமல் கழிக்க வேண்டும். ஆகவே உதடு மரத்திருக்கும்போதே முதல் மாத்திரை உள்ளே போக வேண்டும். அவர் உங்கள் கடைக்கு வரும் நேரம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். "வீட்டுக்குப் போனதும் பஞ்சை எடுத்துட்டு முதல் டோஸைப் போட்டுடுங்க, வலிக்காக காத்திருக்காதீங்க" என்று நீங்கள் சொன்னால், எங்கள் அறிவுரைத் தாளில் அச்சடித்திருப்பதைவிட அது நன்றாக மனதில் பதியும்.

அடுத்தது இடைவெளி. சீட்டில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று எழுதியிருப்பது, கவரில் 1-1-1 என்று மாறிவிடுகிறது. நம் ஊரில் அதற்குப் பொருள் காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு. ஒன்பது மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று, இரவு ஒன்பதுக்கு ஒன்று. பகலில் ஐந்து, ஏழு மணி நேர இடைவெளியும் இரவில் பன்னிரண்டு மணி நேர இடைவெளியும் விழுகிறது. "ராத்திரி மூணு மணிக்கு உயிர் போயிடுச்சு டாக்டர்" என்று மறுநாள் வந்து சொல்பவர்களிடம் எத்தனை மணிக்கு மாத்திரை போட்டார்கள் என்று கேட்டால் விடை அங்கேயே இருக்கிறது. ஆறு, பன்னிரண்டு, ஆறு, பன்னிரண்டு என்று கடிகார நேரத்தைக் கவரில் எழுதிக் கொடுங்கள். முதல் இரவு மட்டும் அலாரம் வைத்து எழுந்து போட்டுக்கொள்ளட்டும். மூன்றாம் நாள் முதல் வலிக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளலாம்.

"சாப்பிட்ட பிறகு போடுங்கள்" என்பதும் இப்படித்தான். வாய் திறக்க முடியவில்லை, சாப்பிட முடியவில்லை, அதனால் மாத்திரையும் போடவில்லை, வலி கூடியதால் அடுத்த வேளையும் சாப்பிட முடியவில்லை. இந்தச் சுழலில் சிக்குபவர்கள் நிறைய. ஆறிய அரிசிக் கஞ்சி ஒரு டம்ளர், மோரில் கரைத்த சோறு, ஆறவைத்த கேழ்வரகுக் கூழ், பாலில் ஊறிய இட்லி, எதுவானாலும் போதும். பாராசிட்டமாலுக்கு அதுவும் தேவையில்லை. வெறும் வயிற்றிலும் போடலாம். வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்காதவருக்குப் பாராசிட்டமால் சிரப்பை மில்லிகிராம் கணக்குப் பார்த்துக் கொடுக்கலாம். மாத்திரையைப் பொடித்துப் பல் எடுத்த குழியில் வைக்கச் சொல்லும் பாட்டி வைத்தியம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அது ஈறைப் பொசுக்கிவிடும். யாராவது கேட்டால் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள்.

இப்போது அட்டைக்கு வருகிறேன். நம் ஊரில் யாரும் முழு அட்டையை வாங்குவதில்லை. மூன்று நாளைக்கு வேண்டியதை எண்ணி, கத்தரியால் வெட்டி, காகிதக் கவரில் போட்டுக் கொடுக்கிறீர்கள். ஏழைக்கு அது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெட்டிய துண்டில் பல சமயம் பாதிப் பெயர்தான் இருக்கும், உள்ளே என்ன மருந்து என்ற சிறிய எழுத்து போயிருக்கும். அதன் பிறகு நடப்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாங்கள் எழுதியது அசெக்ளோஃபெனாக் 100உம் பாராசிட்டமால் 325உம் சேர்ந்த மாத்திரை, காலை ஒன்று இரவு ஒன்று. உடம்பு கொஞ்சம் சுட்டது என்று வீட்டில் இருந்த டோலோ 650ஐ மூன்று வேளை போட்டார்கள். இரவு வலி தாங்காமல் மகன் தெருமுனைக் கடைக்கு ஓடி "பல்லு வலிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு, ஐபுபுரூஃபன் 400உம் பாராசிட்டமால் 325உம் சேர்ந்த மாத்திரை இரண்டு வாங்கி வந்தான். மூன்றும் மூன்று நிறம், மூன்று பெயர். ஆனால் உள்ளே போன பாராசிட்டமால் மொத்தம் 3,250 மில்லிகிராம். நல்ல உடம்புள்ள பெரியவருக்கு நாளொன்றுக்கு 4,000 என்பது உச்ச வரம்பு. 45 கிலோ எடையுள்ள பாட்டிக்கும் தினமும் குடிப்பவருக்கும் அந்த வரம்பு பொருந்தாது, இந்த 3,250 அவர்களுக்கு அதிகம். அதோடு அசெக்ளோஃபெனாக் நாள் முழுதுக்கான அளவும், அதன் மேல் ஐபுபுரூஃபன் 800உம். இந்த வீட்டில் யாரும் கவனக்குறைவாக நடக்கவில்லை. எல்லோரும் அக்கறையோடுதான் செய்தார்கள். யாருக்கும் பெயர் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பாராசிட்டமால் அளவு மீறினால் உடனே ஒன்றும் தெரியாது. முதல் நாள் வெறும் குமட்டலாக இருக்கும். ஈரல் கெட்டது தெரியவரும்போது ஒன்றிரண்டு நாள் ஓடியிருக்கும். மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் அது சீக்கிரம் கொடுத்தால்தான் முழுப் பலன். அதனால் கவரின் மேல் பேனாவால் தமிழில் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம்; "பாராசிட்டமால் 500" என்று எழுதினால் போதும். 2025இல் ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும் பெரும்பாலும் மூலப்பெயரில் மருந்து விற்கிறார்கள். மக்களுக்கு அந்தப் பெயர்கள் பழகத் தொடங்கிவிட்டன. வலி மாத்திரை கேட்டு வருபவரிடம், கொடுப்பதற்கு முன் "இன்னிக்கு வேற என்ன மாத்திரை போட்டீங்க, அட்டையைக் காட்டுங்க" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். போனில் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். கூட்டம் நிற்கும்போது இது சிரமம் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

ஐபுபுரூஃபன் வகையே ஆகாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் எங்களிடம் சொல்ல மறந்ததை உங்களிடம் சொல்வார்கள், ஏனென்றால் மாதா மாதம் பிரஷர், சுகர் மாத்திரை வாங்குவது உங்களிடம்தான். எந்த வீட்டுத் தாத்தாவுக்குக் கிரியேட்டினின் கூடியிருக்கிறது, யார் வால்வு மாற்றி அசிட்ரோம் சாப்பிடுகிறார், யாருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். எங்கள் நோட்டுப் புத்தகத்தைவிட உங்கள் நினைவு பெரியது. சிறுநீரகக் கோளாறு, பழைய வயிற்றுப் புண், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, மாத்திரை போட்டால் இழுப்பு வரும் ஆஸ்துமா, ஐந்து மாதம் தாண்டிய கர்ப்பம், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் எங்கள் சீட்டில் ஐபுபுரூஃபன் எழுதியிருந்தாலும் நிறுத்திவிட்டு எங்களைப் போனில் கூப்பிடுங்கள். டெல்மிசார்ட்டன் போன்ற பிரஷர் மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடும் பெரியவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாய்ப் புண்ணால் தண்ணீர் குடிப்பது குறைந்து, அதன் மேல் ஐபுபுரூஃபனும் சேர்ந்தால் அவர்களுடைய சிறுநீரகம் சில நாளிலேயே தள்ளாடிவிடும். இதயத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுப்பவருக்கு இன்னொரு சிக்கல்: ஐபுபுரூஃபன் முந்திக்கொண்டால் ஆஸ்பிரின் தன் வேலையைச் செய்ய முடியாது. பூச்சில்லாத ஆஸ்பிரின் என்றால், அதைப் போட்டு அரை மணி நேரமாவது கழித்துத்தான் ஐபுபுரூஃபனைப் போட வேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சலும் பல் வலியுமாக வருபவருக்கு, டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும் போதும். மேலே சொன்னவர்களில் பெரும்பாலானோருக்கு, நேரம் தவறாமல் போட்ட பாராசிட்டமாலே ஓரளவு நன்றாக வேலை செய்யும்.

பிள்ளைகளுக்குப் பல் எடுத்தால் எடையைப் பார்த்து மருந்து. நிமசுலைடு என்ற வலி மருந்தை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்க 2011 முதலே தடை இருக்கிறது.

வீக்கத்துக்கு என்று சேர்க்கப்படும் செரேஷியோபெப்டிடேஸ் பற்றியும் கேட்பீர்கள். ஜப்பானில் அதை விற்ற நிறுவனமே, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனையில் வித்தியாசம் தெரியாததால் 2011இல் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. நம் நாட்டில் அது சேர்ந்த மாத்திரைக்கு நோயாளி கூடுதலாகப் பணம் கொடுக்கிறார். இதை எழுதுவது எங்கள் கை என்பதால், இந்தப் பத்தியை என் சக மருத்துவர்களும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எங்கள் கையெழுத்தைப் பற்றியும் எத்தனை நாளைக்கு என்று எழுதாமல் விடுவதைப் பற்றியும் நீங்கள் சொல்லும் குறை நியாயமானது. மூலப்பெயரைப் பெரிய எழுத்தில், நேரத்தோடு, நாள் கணக்கோடு எழுத வேண்டியது எங்கள் கடமை. கிருமிக்கான அமாக்ஸிசிலின் வலி மாத்திரை ஆகாது என்பதையும் நாம் இரு தரப்பும் ஒரே குரலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசியாக மூன்றாம் நாள், நான்காம் நாள். வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறிப் பிறகு வடியும். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். நன்றாகக் குறைந்து வந்த வலி மூன்றாம் நாளுக்கு மேல் திரும்ப ஏறி, காது வரை இழுத்து, வாயில் கெட்ட வாடையும் அடித்தால், குழியில் உறைந்திருந்த ரத்தக் கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். புகை பிடிப்பவர்களுக்கு இது அதிகம் வரும். இதற்கு எந்த மாத்திரையும் சரிவரக் கேட்காது. குழியைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினால் பெரும்பாலும் அன்றைக்கே வலி தணியும். அந்த நிலையில் "போன தடவை குடுத்ததைவிட ஸ்ட்ராங்கா" என்று கேட்டு வருபவருக்குக் கீட்டோரோலாக் கொடுத்து அனுப்பினால் அவர் இன்னும் இரண்டு நாள் கழித்துத்தான் எங்களிடம் வருவார். விழுங்க முடியாமல், வாய்க்கு அடியில் வீங்கி, காய்ச்சலோடு வருபவருக்கு அந்த இரண்டு நாள் கிடையாது. மூச்சுக்குழாய் அடைபடும் அபாயம் இருக்கிறது. அவரை உடனே அனுப்புங்கள், எங்களிடமே வர வேண்டும் என்றில்லை. பக்கத்து அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கும், இரவானால் அவசரப் பிரிவு இருக்கும். சீட்டின் தலைப்பில் எங்கள் எண் அச்சிட்டிருக்கிறது. எந்த நேரமானாலும் கடையிலிருந்தே கூப்பிடுங்கள்.

அன்புடன்,
ஒரு பல் அறுவை மருத்துவர்